பஸ் ஸோன் பாதுகாப்பு: டர்பனுக்கு வரும் புது ரிலேக்காரர்களுக்கு

வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது ஊரிலிருந்து வேலைக்கு வந்து இறங்கியதும் என்னிடம் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். "அண்ணா, டிஸ்டன்ஸ் ரிலே செட்டிங் போட்டிருக்கிறேன், டிரான்ஸ்ஃபார்மர் டிஃபரன்ஷியலும் தெரியும். பஸ்பாரில் மட்டும் கை வைத்ததில்லை. எந்தப் புத்தகம் படிக்க?" சப்ஸ்டேஷன் யார்டுக்குப் போய் சிடி (மின்னோட்டத்தைக் குறைத்து ரிலேக்குக் காட்டும் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) பெட்டியைத் திறந்து பார் என்பேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைப்பார்கள். பஸ்பார் (சுருக்கமாக பஸ்) என்பது சப்ஸ்டேஷனில் எல்லா லைன்களும் வந்து சேரும் கடத்தி; அதில் ஃபால்ட் (மின்கோளாறு) வந்தால் கண்டுபிடித்து, பிரேக்கர்களைத் திறக்க (டிரிப்) உத்தரவு கொடுப்பது ரிலே. இந்தப் பாதுகாப்பில் கணக்கு சுலபம், ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். நான் பார்த்த தவறான டிரிப்புகளில் பெரும்பாலானவை சூத்திரத்தில் பிறந்தவை அல்ல. ஒயரிங்கிலும் ஐசொலேட்டர் (லைனை பஸ்ஸோடு இணைக்கவும் பிரிக்கவும் உள்ள சுவிட்ச்) கான்டாக்டிலும் பிறந்தவை. அதனால் இந்த வழிகாட்டி யார்டில் தொடங்கிப் பேனலுக்கு வருகிறது.

முதலில் பேச்சு வழக்கு. பஸ்பார் டிஃபரன்ஷியல் என்றால் இங்கே புரிந்துகொள்வார்கள், ஆனால் வாயில் வருவது 'பஸ் ஸோன்' தான். பிரேக்கர் ஒன்று திறக்காமல் போய், அந்த பஸ்ஸில் தொங்கும் எல்லா பிரேக்கரையும் திறக்க வேண்டி வந்தால் அது 'பஸ் ஸ்ட்ரிப்'. ஊரில் மூன்று பேஸும் சிவப்பு, மஞ்சள், நீலம். இங்கே சிவப்பு, வெள்ளை, நீலம். டிராயிங்கில் வெள்ளையைப் பார்த்து நியூட்ரல் என்று நினைத்தவர் உண்டு, பெயர் வேண்டாம். பழைய டிராயிங்குகளில் ஆஃப்ரிகான்ஸ் வரும்: 'ஹெலைஸ்டம்' என்றால் பஸ்பார், 'ஸ்ட்ரூம்டிரான்ஸ்ஃபார்மாட்டர்' என்றால் சிடி. மின்னழுத்த அளவுகளும் புதிதாக இருக்கும். டர்பன் மாநகராட்சி 275 கிலோவோல்ட்டில் வாங்கி 132க்கு இறக்குகிறது. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் போனால் 88 கிலோவோல்ட் பார்ப்பீர்கள். தேசிய மின் நிறுவனமான எஸ்கொமின் நீண்ட லைன்களில் 765 வரை உண்டு.

இன்னொன்று, அனுமதி. எஸ்கொம் தளமென்றால் உயர் அழுத்த இயக்க விதிகளின்படி அங்கீகாரம் இல்லாமல் யார்டுக்குள் தனியாகப் போகக் கூடாது. மாநகராட்சிகளுக்குத் தனி விதிகள். ஊரில் எத்தனை வருடம் செய்திருந்தாலும் இங்கே முதல் நாளிலிருந்து எண்ணுவார்கள். கோபப்படாமல் அந்தப் பயிற்சியை முடித்துவிடுங்கள்.

எதை நம்பி இந்தப் பாதுகாப்பு வேலை செய்கிறது

பஸ்பாருக்குள் வரும் மின்னோட்டமும் வெளியே போகும் மின்னோட்டமும் சமமாக இருக்க வேண்டும். கிளேர்வுட் முருகன் கோயில் காவடியன்று ஒவ்வொரு வாசலிலும் ஓர் ஆளை நிறுத்தி எண்ணச் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் யாரும் தங்க இடமில்லை. உள்ளே வந்தவர் கணக்கும் வெளியே போனவர் கணக்கும் பொருந்தவில்லையென்றால், கண்ணுக்குத் தெரியாத வழியில் ஆட்கள் போகிறார்கள். அந்த வழிதான் ஃபால்ட். சிடிதான் வாசல்காரர்.

இங்கே ஒரு சிக்கல். கூட்டம் முழுவதும் ஒரே வாசலில் முண்டியடித்து வெளியேறினால் அந்த வாசல்காரருக்கு எண்ணிக்கை தப்பும். மற்ற வாசல்களில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே வந்தார்கள், அவர்கள் கணக்கு சரி. பஸ்ஸுக்கு வெளியே, ஆனால் அருகிலேயே, ஃபீடர் (பஸ்ஸில் இணைந்த லைன்) ஒன்றில் ஃபால்ட் வந்தால் இதுதான் நடக்கும். எல்லா மூலங்களின் மின்னோட்டமும் அந்த ஒரு ஃபீடர் சிடி வழியாகப் போகும், அது செறிவடையும் (அதன் இரும்புக் கோர் காந்தத்தால் நிறைந்துவிடும்), குறைவாகக் காட்டும். கணக்கு பொருந்தாது. பஸ் நன்றாகவே இருக்கும், ஆனால் ரிலேக்கு பஸ்ஸில் ஃபால்ட் போலத் தெரியும். பஸ் ஸோன் பற்றி எழுதப்பட்ட எல்லாக் கணக்கும் இந்த ஒரு வாசல்காரரை எப்படிச் சமாளிப்பது என்பதைப் பற்றியதுதான்.

டர்பன் இருக்கும் குவாசூலு நட்டாலில் வெளி ஃபால்ட்டுக்குப் பஞ்சமில்லை. அறுவடைக்கு முன் கரும்புத் தோட்டத்துக்குத் தீ வைத்தால் லைனுக்குக் கீழே புகையும் சூடும் சேர்ந்து ஃபிளாஷோவர் (காற்று வழியே மின்பாய்ச்சல்) வரும். கடலோரம் உப்பு இன்சுலேட்டரில் படியும். உள்நாட்டில் ஹைவெல்டு மேட்டுநிலத்துக்குப் போனால் இடி மின்னல். உங்கள் ரிலே அமைதியாக இருக்க வேண்டிய தருணங்கள், டிரிப் செய்ய வேண்டிய தருணங்களைவிடப் பல மடங்கு அதிகம் என்பதை மனதில் வைத்து செட்டிங் போடுங்கள்.

முதல் படி: சிடிக்களைப் பட்டியல் போடுங்கள்

ஒரு தாளில் பஸ்ஸில் உள்ள ஒவ்வொரு பேயையும் (ஒரு ஃபீடரோ டிரான்ஸ்ஃபார்மரோ பஸ்ஸில் சேரும் பகுதி, ஆங்கிலத்தில் bay) எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் சிடி விகிதம், வகுப்பு, முழங்கால் புள்ளி வோல்ட்டேஜ், செகண்டரி சுற்றின் மின்தடை, பேனல் வரை போய்வரும் ஒயரின் மின்தடை, பி1 முனை (பிரைமரியின் முதல் முனை) பஸ் பக்கமா லைன் பக்கமா, செகண்டரி எங்கே எர்த் செய்யப்பட்டிருக்கிறது. டிராயிங்கிலிருந்து எழுதாதீர்கள். பெயர்ப்பலகையையும் டெஸ்ட் ரிப்போர்ட்டையும் பார்த்து எழுதுங்கள்.

முழங்கால் புள்ளி என்பது, வோல்ட்டேஜை இன்னும் 10 சதவீதம் ஏற்றினால் காந்தமாக்கும் மின்னோட்டம் 50 சதவீதம் ஏறும் இடம். அதற்கு மேல் சிடியை நம்ப முடியாது. பஸ் ஸோனுக்கு பிஎக்ஸ் வகுப்புக் கோர் (முழங்கால் புள்ளியைக் குறிப்பிட்டுச் செய்யப்படுவது) தனியாக இருப்பதே நல்லது. பழைய பெயர்ப்பலகைகளில் வெறும் எக்ஸ் வகுப்பு என்றிருக்கும்.

எர்த் ஓர் இடத்தில் மட்டும். யார்டில் ஒன்று, பேனலில் ஒன்று என்று இரண்டு இடத்தில் எர்த் செய்த சிடி சுற்று சாதாரண நாளில் பேசாமல் இருக்கும். எர்த் ஃபால்ட் வரும் அன்று யார்டுக்குக் கீழே புதைத்த எர்த் வலையில் ஏறும் வோல்ட்டேஜ் அந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே மின்னோட்டத்தை ஓடவிடும், ரிலே அதை வித்தியாசமாக எண்ணும். இந்த நாட்டில் செம்புத் திருட்டு பெரிய தொல்லை, எர்த் பட்டையை வெட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அதனால் நீங்கள் எழுதி வைத்த எர்த் இப்போதும் அங்கே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

செகண்டரியைத் திறந்துவிடக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும். தெரிந்தவர்கள்தான் திறக்கிறார்கள்.

இரண்டாம் படி: ஸோன்களை வரையுங்கள்

ஒற்றை பஸ் என்றால் ஒரு கோடு, முடிந்தது. இரட்டை பஸ்ஸில்தான் வேலை. ஒவ்வொரு ஃபீடரும் இன்று எந்த பஸ்ஸில் இருக்கிறது என்பதை ரிலேக்குச் சொல்வது ஐசொலேட்டரின் துணைக் கான்டாக்ட்.

ஒரு ஐசொலேட்டருக்கு இரண்டு கான்டாக்ட் கேளுங்கள், மூடியதற்கு ஒன்று, திறந்ததற்கு ஒன்று. மூடும்போது, பிளேடு ஆர்க் அடிக்கும் தூரத்துக்கு வருமுன்பே 'மூடியது' என்ற செய்தி ரிலேக்குப் போய்விட வேண்டும். திறக்கும்போது தூரம் பாதுகாப்பான அளவுக்கு வந்த பிறகுதான் 'திறந்தது' என்று சொல்ல வேண்டும். இரண்டு செய்தியும் இல்லையென்றால் மூடியதாகவே எடுத்துக்கொள்ளும்படி லாஜிக் எழுதுவது என் பழக்கம், அதோடு ஓர் அலாரமும். ஃபீடரை ஒரு பஸ்ஸிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது இரண்டு ஐசொலேட்டரும் சிறிது நேரம் சேர்ந்து மூடியிருக்கும். அப்போது இரண்டு ஸோனும் ஒன்றாகிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதி மின்னோட்டம் எங்கே போனது என்று ரிலே தேடும்.

கடற்கரைக்கு அருகில் ஒரு சப்ஸ்டேஷனில் 'நிலை தெரியவில்லை' அலாரம் விடியற்காலையில் மட்டும் வந்து வெயில் ஏறியதும் போய்விடும். மூன்று வாரம் சாஃப்ட்வேரைத் தோண்டினோம். கடைசியில் மெக்கானிசப் பெட்டிக்குள் ஹீட்டர் எரிந்து போயிருந்தது, உப்பு ஈரம் கான்டாக்டில் பச்சை பிடித்திருந்தது, கூடவே ஒரு பல்லி குடும்பம். ஹீட்டரை மாற்றினோம். பல்லிகளையும் இடம் மாற்றினோம்.

இவை தப்பும் என்பதால்தான் செக் ஸோன். ஐசொலேட்டர் நிலை எதையும் பார்க்காமல், சப்ஸ்டேஷன் முழுவதையும் ஒரே பஸ்ஸாக எண்ணிக் கூட்டிப் பார்க்கும் தனிக் கணக்கு அது. குறிப்பிட்ட ஸோனும் செக் ஸோனும் சேர்ந்து ஆமென்றால் மட்டுமே டிரிப். கான்டாக்ட் பொய் சொன்னாலும் செக் ஸோன் பொருந்திப் போகும், எனவே டிரிப் நிற்கும்.

பஸ் கப்ளரில் (இரண்டு பஸ்ஸையும் இணைக்கும் பிரேக்கரில்) சிடி ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பிரேக்கருக்கும் சிடிக்கும் நடுவே ஒரு குருட்டு இடம் உண்டு. அங்கே ஃபால்ட் வந்தால் முதலில் தவறான பஸ் டிரிப் ஆகும், கப்ளரும் திறக்கும், ஆனால் ஃபால்ட் மற்ற பஸ்ஸிலிருந்து தொடரும். கப்ளர் திறந்ததும் அதன் சிடியைக் கணக்கிலிருந்து ரிலே எடுத்துவிட வேண்டும், அப்போதுதான் சரியான ஸோன் கண் விழிக்கும். கப்ளரை மூடும்போது இதற்குத் தலைகீழ்: மூடும் கட்டளை கிளம்பியதுமே சிடி கணக்குக்குள் வந்துவிட வேண்டும்.

மூன்றாம் படி: உயர் மின்தடை முறையின் கணக்கு

பழைய சப்ஸ்டேஷன்களில் இன்னும் இதுதான் ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. எல்லா சிடியின் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் இணையாகச் சேர்த்து நடுவில் ஒரு ரிலே, அதோடு தொடரில் ஒரு பெரிய ரெசிஸ்டர். வாசல்காரர் முழுக்கத் தூங்கிவிட்டார் என்றே வைத்துக்கொள்கிறோம். அப்போது அவர் வெறும் ஒயர் மின்தடை மட்டும்தான். அந்த மோசமான நிலையில் ரிலேயின் மேல் எவ்வளவு வோல்ட்டேஜ் வரும் என்று பார்த்து, செட்டிங்கை அதற்கு மேல் வைத்தால் வெளி ஃபால்ட்டில் அசையாது.

ஓர் உதாரணம். 132 கிலோவோல்ட், ஆறு பேய்கள், சிடி 1600/1, அதிகபட்ச ஃபால்ட் 31.5 கிலோஆம்பியர். சிடியின் தடை 5 ஓம், போய்வரும் ஒயர் 2.5 ஓம், முழங்கால் 400 வோல்ட்.

செகண்டரியில் ஃபால்ட் மின்னோட்டம் 31500 ÷ 1600 = 19.7 ஆம்பியர். அதை 7.5 ஓமால் பெருக்கினால் 148 வோல்ட். செட்டிங் 150 வோல்ட் என்று வைப்போம். முழங்கால் அதைப்போல் இரண்டு மடங்காவது, அதாவது 300க்குக் குறையாமல் வேண்டும். 400 இருக்கிறது, சரி.

ரிலே 0.1 ஆம்பியரில் இயங்கும் என்றால் மொத்தத் தொடர் தடை 150 ÷ 0.1 = 1500 ஓம். ரிலேயின் சொந்தத் தடையை இதிலிருந்து கழியுங்கள். அடுத்து, உண்மையில் எத்தனை ஆம்பியர் பிரைமரி ஃபால்ட்டில் இது இயங்கும்? 150 வோல்ட்டில் ஒவ்வொரு சிடியும் தன்னைக் காந்தமாக்க 0.015 ஆம்பியர் எடுக்கிறது என்று கொள்வோம், ஆறுக்கு 0.09. மெட்ரோசில் (வோல்ட்டேஜ் எகிறாமல் அடக்கும் சிறப்பு ரெசிஸ்டர்) 0.01. ரிலே 0.1. மொத்தம் 0.2, பிரைமரியில் 320 ஆம்பியர். இது ஒரு ஃபீடரின் சாதாரண லோடைவிடக் குறைவாக இருக்கலாம். ஒரு சிடி ஒயர் கழன்றால் ரிலே டிரிப்புக்குத் தயாராகிவிடும். 800 ஆம்பியருக்கு உயர்த்த வேண்டுமென்றால் செகண்டரியில் 0.5 வேண்டும், இன்னும் 0.3 ஆம்பியரைத் தின்ன ஒரு இணை ரெசிஸ்டர், 150 ÷ 0.3 = 500 ஓம். குறைந்தபட்ச பஸ் ஃபால்ட் அந்த 800ஐவிட நன்றாக மேலே இருக்கிறதா என்று பாருங்கள். லோடு ஷெட்டிங்கில் (சுழற்சி மின்வெட்டில்) பாதி மூலம் இல்லாத இரவையும் சேர்த்து.

மெட்ரோசிலை மறந்துவிடாதீர்கள். உள் ஃபால்ட்டில் எல்லா சிடியும் சேர்ந்து அந்த ரெசிஸ்டருக்குள் மின்னோட்டத்தைத் திணிக்கும், வோல்ட்டேஜ் உச்சம் பயங்கரமாக ஏறும். இணை ரெசிஸ்டரும் சேர்ந்து நம் சுற்றின் தடை 375 ஓம், சிடியும் ஒயரும் சேர்த்து 382.5. செறிவே இல்லாவிட்டால் வரக்கூடியது 19.7 × 382.5, சுமார் 7530 வோல்ட். உச்சம் = 2 × வர்க்கமூலம் (2 × 400 × (7530 − 400)), அதாவது ஏறக்குறைய 4800 வோல்ட். 3000 தாண்டினாலே மெட்ரோசில் கட்டாயம். இல்லாவிட்டால் டிரிப் சரியாக நடக்கும், ஆனால் பேனல் ஒயரிங் கருகியிருக்கும்.

பஸ் ஒயர் (எல்லா சிடியும் இணையாகச் சேரும் ஒயர்) கண்காணிப்பு ரிலேயை 25 ஆம்பியர் பிரைமரி அல்லது சிறிய ஃபீடரின் 10 சதவீதம், இரண்டில் எது பெரிதோ அதற்கு வைத்து, 3 செகண்ட் தாமதம் கொடுங்கள். அது அலாரம் அடித்து பஸ் ஒயரை ஷார்ட் செய்துவிடும்.

நான்காம் படி: குறைந்த மின்தடை ரிலே

புதிதாகப் போடுவதெல்லாம் இதுதான். ஒவ்வொரு சிடியும் தனித்தனியாக ரிலேக்குள் வருகிறது, விகிதங்கள் வேறாக இருந்தாலும் ரிலே சரிசெய்துகொள்ளும். வித்தியாசம் என்பது எல்லா மின்னோட்டத்தின் திசையோடு கூடிய கூட்டல். பயாஸ் என்பது திசை பார்க்காத கூட்டல். வித்தியாசம் பயாஸின் குறிப்பிட்ட பங்கைத் தாண்டினால் டிரிப். அந்தப் பங்குதான் ஸ்லோப்.

இதில் புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. பயாஸை எல்லாக் கம்பெனியும் ஒரே மாதிரி கணக்கிடுவதில்லை. 10 கிலோஆம்பியர் ஒரு வழியாக உள்ளே வந்து ஒரு ஃபீடரில் வெளியே போகிறது, அந்த ஃபீடர் சிடி செறிந்து 4 மட்டும் காட்டுகிறது என்று வைப்போம். வித்தியாசம் 6. பயாஸ் என்பது முழுக் கூட்டல் என்றால் 14, பங்கு 0.43. கூட்டலில் பாதி என்றால் 7, பங்கு 0.86. இருப்பதில் பெரியது என்றால் 10, பங்கு 0.6. ஸ்லோப் 0.65 என்று வைத்திருந்தால் முதல் ரிலே அமைதியாக இருக்கும், இரண்டாவது முழு பஸ்ஸையும் அணைத்துவிடும், மூன்றாவது பிழைத்தது தம்பிரான் புண்ணியம். ஆகவே பழைய ரிலேயின் ஸ்லோப் எண்ணைப் புது ரிலேக்கு அப்படியே நகல் எடுக்காதீர்கள். கையேட்டில் பயாஸ் சூத்திரம் இருக்கும் பக்கத்தைத் தேடி, இந்த 10க்கு 4 உதாரணத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நல்ல ரிலேக்கள் இன்னும் ஒன்று செய்யும். வெளி ஃபால்ட்டில் முதல் இரண்டு மூன்று மில்லிசெகண்டுக்கு எந்த சிடியும் செறிவதில்லை. பயாஸ் ஏறுகிறது, வித்தியாசம் ஏறவில்லை என்பதை அதற்குள் பார்த்து 'இது வெளியே' என்று முடிவு செய்து தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ளும்.

பிக்கப் (ரிலே இயங்கத் தொடங்கும்) அளவை மிகப் பெரிய ஃபீடர் லோடுக்கு மேலேயும் குறைந்தபட்ச ஃபால்ட்டுக்குக் கீழேயும் வையுங்கள். 11, 22 கிலோவோல்ட்டில் நியூட்ரல் ரெசிஸ்டர் எர்த் ஃபால்ட்டைச் சில நூறு ஆம்பியருக்கு அடக்கியிருக்கும். அங்கே இரண்டும் ஒத்துவராது, எர்த் ஃபால்ட்டுக்குத் தனி உணர்திறன் அங்கம் வேண்டும். சிடி கண்காணிப்பு கீழே, சில செகண்ட் தாமதத்தோடு.

ஐந்தாம் படி: பிரேக்கர் ஃபெயில்

பிரேக்கர் திறக்கவில்லை என்று முடிவு செய்து பஸ் ஸ்ட்ரிப் அனுப்பும் டைமரை இப்படிப் போடுங்கள்: பிரேக்கர் திறக்க 50 மில்லிசெகண்ட், மின்னோட்ட அங்கம் ரீசெட் ஆக 20 முதல் 30, பாதுகாப்பு இடைவெளி 50 என்று கூட்டி 130க்குப் பக்கத்தில் வையுங்கள். டிரிப் எல்லாம் லாக்அவுட் ரிலே (ரீசெட் செய்யும்வரை பிரேக்கரை மூடவிடாதது) வழியாக. பஸ் ஃபால்ட்டுக்குப் பிறகு ஆட்டோ ரீகுளோஸ் (பிரேக்கர் தானாக மறுபடி மூடுவது) கூடவே கூடாது. சிடி லைன் பக்கம் இருக்கும் ஃபீடர்களுக்கு மறுமுனைக்கு இன்டர்டிரிப் (அங்குள்ள பிரேக்கரையும் திறக்கச் சொல்லும் சிக்னல்) போகிறதா என்றும் பாருங்கள்.

பேட்டரியை இங்கே சொல்லியாக வேண்டும். 110 வோல்ட் டிசி இல்லாவிட்டால் இந்த ஐந்து படியும் காகிதம்தான். லோடு ஷெட்டிங் கடுமையாக இருந்த நாட்களில் மணிக்கணக்கில் சப்ளை இல்லாமல் சார்ஜரும் நின்றது, பேட்டரி முழுதாக ஏறுமுன் அடுத்த ஷெட்டிங் வந்தது. சில இடங்களில் பேட்டரியே காணாமல் போகிறது.

ஆறாம் படி: சோதனை, அப்புறம் லோடு

டிரிப் லிங்க் (டிரிப் சுற்றைத் துண்டிக்கக் கழற்றும் இணைப்பு) எல்லாவற்றையும் எடுத்து, எண்ணி, மேஜையில் வரிசையாக வையுங்கள். பஸ் ஸ்ட்ரிப் லிங்கையும் சேர்த்து. அதற்குப் பிறகே டெஸ்ட் செட்டை இணைக்கலாம். ஒரு ஒயர் தவறினால் ஒரு ஃபீடர் மட்டும் போகாது, ஒரு பேட்டையே இருட்டாகும்.

வரிசை இது: விகிதம், போலாரிட்டி, காந்தமாக்கும் வளைவு, சுற்றின் தடை, செகண்டரி இன்ஜெக்ஷன் (டெஸ்ட் செட்டிலிருந்து ரிலேக்கு மின்னோட்டம் செலுத்துவது). முடிந்தால் இரண்டு பேய்களுக்கு நடுவே பிரைமரி இன்ஜெக்ஷன் செய்யுங்கள். ஒரு முறை வெளி ஃபால்ட் போல, வித்தியாசம் பூஜ்ஜியம் வர வேண்டும். ஒரு சிடியைத் திருப்பி மறுபடி, இரட்டிப்பு வர வேண்டும். பூஜ்ஜியம் மட்டும் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். சிடிக்கள் ஷார்ட் ஆகியிருந்தாலும் பூஜ்ஜியம்தான் வரும்.

லோடு சோதனையில் நான் ஒரு முறை வழுக்கினேன். ஞாயிற்றுக்கிழமை புது ஃபீடர் ஒன்றைச் சேர்த்தோம், அதில் 40 ஆம்பியர்தான் லோடு. வித்தியாசம் 80 ஆம்பியர் பிரைமரி, 1600க்கு 5 சதவீதம். "இரைச்சல்" என்று எழுதிவிட்டு பக்கியில் (பிக்கப் வண்டிக்கு இங்கே அதுதான் பெயர்) ஏறி வீட்டுக்குப் போனோம். திங்கள் காலை லோடு ஏற ஏற சிடி அலாரம். போலாரிட்டி தலைகீழ். 80 என்பது 40ன் சரியான இரட்டிப்பு என்பது தாளில் என் கையெழுத்திலேயே இருந்தது. இப்போதெல்லாம் வித்தியாசத்தை நாமினலோடு ஒப்பிடுவதில்லை, புதிதாகச் சேர்த்த ஃபீடரின் லோடோடு ஒப்பிடுகிறேன். ஒவ்வொரு பேயின் கோணத்தையும் கன்ட்ரோல் ரூமில் கேட்ட மெகாவாட் திசையோடு சரிபார்க்கிறேன்.

எல்லாம் பொருந்தியதும் லாக்அவுட்டுகளை ரீசெட் செய்யுங்கள். ஒவ்வொரு டிரிப் லிங்கையும் போடுமுன் அதன் இரு முனைக்கும் நடுவே மீட்டர் வைத்து, டிரிப் காத்திருக்கவில்லை என்று பாருங்கள். மேஜையில் லிங்க் ஒன்றும் மிச்சமில்லாததை எண்ணிவிட்டு, கன்ட்ரோலுக்கு ஃபோன் செய்து பஸ் ஸோன் சர்வீஸில் இருக்கிறது என்று சொல்லுங்கள். நேரத்தை லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.